குறை கேட்க வந்தவர்

அந்த மனுசனின் பெயரைக் கேட்டு வைக்கவில்லை என்பது எனக்கு இன்றைக்கும் வெட்கம். எங்கள் வீட்டில் எத்தனை தரம் தேத்தண்ணி குடித்தவர், என் கையால் எத்தனை கொழுக்கட்டை தின்றவர்! ஆனால் ஊரில் எல்லோரும் "காட்டுங்கோ ஐயா" என்றுதான் கூப்பிட்டோம். அவரும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்தார். கழுத்தில் ஒரு அட்டை தொங்கும், அதில் பெயர் இருந்திருக்கும். எனக்கு எழுத்து வாசிக்க வராது. அட்டையில் இருந்த படத்தில் அவருக்கு நேரில் கண்டதைவிடத் தலைமயிர் கூட, அதை மட்டும் கவனித்தேன்.

எங்கள் ஊர் ஒட்டுசுட்டானிலிருந்து உள்ளுக்குக் கிறவல் வீதியால் வரவேண்டும். கிணற்றுத் தண்ணீரில் வெள்ளை படியும். தண்ணீர் கொதிக்கவைக்கிற கேத்திலின் அடியைச் சுரண்டினால் சுண்ணாம்பு மாதிரி வரும். அந்தத் தண்ணீரைக் குடித்துக் குடித்துச் சிறுநீரகம் பழுதான ஆட்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக் குழாய்க்கிணறு ஒன்றுதான் கொஞ்சம் நல்லது. அதற்கு ஒரு மைல் போகவேண்டும். ஊருக்குள்ளேயே தண்ணீரை வடிகட்டிக் கொடுக்கிற இடம் ஒன்று கட்டப்போகிறோம் என்று ஒரு நிறுவனம் சொன்னது. அதற்காக அனுப்பப்பட்டவர்தான் இந்த ஐயா.

நிறுவனக்காரர் வந்தால் என்ன நடக்கும் என்பது எங்களுக்குப் பாடம். வாகனம் நிற்கும். நாங்கள் கதிரை போடுவோம். அவர்கள் இருந்து தாளை விரிப்பார்கள். ஆகவே அன்றைக்கும் நான் கதிரையைச் சீலைத் தலைப்பால் துடைத்துப் போட்டேன். மனுசன் அதில் இருக்கவில்லை.

"தண்ணி எடுக்கப் போறனீங்களோ அம்மா?"

"ஓம் ஐயா, பின்னேரம் போவன். தண்ணிப் பிரச்சினையோ? இருங்கோ, எல்லாம் சொல்லுறன்."

"சொல்ல வேண்டாம். காட்டுங்கோ."

"என்னத்தைக் காட்டுறது?"

"நீங்கள் தண்ணி எடுக்கிறதை."

விசர் என்று நினைத்தேன். ஆனால் பின்னேரம் சொன்ன நேரத்துக்கு வந்து நின்றார். பள்ளிக்கூடம் வரைக்கும் என்னோடு நடந்தார். திரும்பும்போது சைக்கிளைத் தான் உருட்டுகிறேன் என்று வாங்கினார். கரியரில் ஒரு தண்ணீர்க் கான், ஹாண்டிலில் இரண்டு. வளைவில் சைக்கிளும் ஐயாவும் ஒரு பக்கம், தண்ணீர் மற்றப் பக்கம். பின்னால் வந்த பெட்டையள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவருக்கு வெட்கமே இல்லை. காற்சட்டையைத் தட்டிக்கொண்டு எழும்பி, "நீங்கள் எப்பிடி விழாமல் போறியள்? அந்த வளைவை இன்னொருக்கால் எனக்குக் காட்டுங்கோ" என்றார். நான் வெறும் கானோடு அந்த வளைவில் மூன்று தரம் போய்க் காட்டினேன். என் வயதுக்கு யாரும் என்னிடம் இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. எனக்கு ஒரே புளுகம், ஒரே சந்தோசம்.

மலரைப் பற்றி இப்போதே சொல்லிவிடவேண்டும். பிறகு என்று வைத்தால் சொல்லாமலே விட்டுவிடுவேன், எனக்கு என்னைத் தெரியும். மலர் எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வளவு. கடைசிச் சண்டையில் வலது கால் முழங்காலுக்குக் கீழே போனது, புருசனும் போனான். பொய்க்கால் போட்டுக்கொண்டு தைத்துக் கொடுத்துச் சீவிக்கிறாள். கிளினிக்கில் அவளுடைய சிறுநீரகத்தைச் சோதித்து டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார், இனிக் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்கக்கூடாது என்று. வடிகட்டின தண்ணீர் எங்களுக்கு வசதி. அவளுக்கு அது உயிர். ஐயா எங்கள் ஊரில் திரிந்த மாதங்களில் அவள் பொய்க்கால் மாற்ற யாழ்ப்பாணம் போய்த் தமக்கை வீட்டில் நின்றாள். அதனால்தான் அவர் அவளைக் காணவில்லை.

அவர் தோளில் ஒரு துணிப்பை. அதற்குள் சோக்கட்டி, கயிறு, அளவு நாடா, கிழித்த பழஞ்சீலைத் துண்டுகள். நான் வழியில் எங்கெங்கே கானை இறக்கி இளைப்பாறுகிறேனோ அந்த இடத்து மரத்தில் ஒரு சீலைத் துண்டைக் கட்டுவார். என் வழியில் ஐந்து துண்டு. "என்ன அக்கா, நேர்த்தியோ?" என்று கேட்டவர்களுக்கு, "ஓம், தண்ணிப் பிள்ளையாருக்கு" என்றேன். இப்படிப் பதினாறு வீட்டுப் பெண்களோடும் நடந்தார். அவருடைய கொப்பியில் எழுத்தே கிடையாது, எல்லாம் படம். எனக்கு வாசிக்க முடிந்த ஒரே கொப்பி அதுதான். குனிகிற ஆள், இடுப்பில் கை வைத்து நிற்கிற ஆள், கானைத் தொடையால் முட்டி ஏற்றுகிற ஆள். என்னைக் கண்டுபிடித்துவிட்டேன்.

"என்ர இடுப்பு இவ்வளவு பெரிசோ ஐயா?"

"இல்லையம்மா, கான்தான் சின்னது."

ஒருநாள் தேத்தண்ணி குடிக்கும்போது கேட்டேன், ஏன் ஐயா ஒருவர் சொல்வதையும் காதில் எடுக்கிறீர்கள் இல்லை என்று. சிரித்தார். "முந்தி ஒரு ஊரில மலசலகூடம் கட்டினனான் அம்மா. எப்பிடி எண்டு கேட்டன். எல்லாரும் திறம், திறம், நல்லாயிருக்கு எண்டவை. ஆறு மாதத்தால போனா உள்ளுக்கு விறகு அடுக்கியிருக்கு. ஒண்டுக்குள்ள ஆடு. அண்டையில இருந்து நான் காதை நம்புறேல்லை."

நான் சிரித்தேன். உள்ளுக்குள் சுருக்கென்றது. எங்கள் ஊர்க் கதையும் அதுதான். மீளக் குடியேறி வந்த புதிதில் தறப்பாளுக்குள் இருந்தபோது எத்தனை பேர் வந்து எத்தனை தாள் நிரப்பினார்கள்! அப்போது ஒருத்தி, கொடுத்த கதவு பூட்டுப்படவில்லை என்று வாய்திறந்து சொன்னாள். அடுத்த மாதம் ஆடு கொடுத்த பட்டியலில் அவள் பெயர் இல்லை. கதவுக்கும் ஆட்டுக்கும் தொடர்பு இருந்ததோ இல்லையோ, கடவுளுக்குத்தான் தெரியும். ஆனால் அன்றைக்கு ஊர் முழுக்க ஒரு குரல் பழகிவிட்டது. யார் எதைக் கொண்டுவந்து காட்டிக் கேட்டாலும், "நல்ல திறம் ஐயா." மாதர் சங்கத் தலைவி நான். அந்தக் குரலைப் புதிதாக வந்த மருமக்களுக்குப் பழக்கியதும் நான்தான்.

அந்த ஊரில் வந்து இந்த மனுசன் பிழை கேட்டார்! "பிழை சொல்லுங்கோ. பிழை சொல்லுற ஆளுக்கு என்ர செலவில பிளேன்ரீ" என்று கடைவாசலில் நின்று கூப்பிடுவார். சோதனை என்று நாங்கள் நினைத்தோம். ஒருத்தி பிளேன்ரீ ஆசையில், "ஐயா, உங்கட சப்பாத்து அழுக்கு" என்றாள். அதற்கும் வாங்கிக் கொடுத்தார்.

சீமெந்து போட முதல், தண்ணீர் கொடுக்கிற இடத்தை மண்மூட்டையால் மாதிரிக்குச் செய்து பார்ப்போம் என்றார். மண்மூட்டை அடுக்க எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை, சண்டைக் காலத்தில் அதற்குள்தான் சீவித்தோம். பலகை, தறப்பாள், குழாய்க்குப் பதிலாகச் சோடாப் போத்தல். முதல் தரம் எங்களைக் கானோடு வரச் சொல்லி ஒரு மரத்தடியில் குந்திப் பார்த்துக்கொண்டிருந்தார். "எப்பிடி?" என்றார். "நல்ல திறம்." ஆனால் நாங்கள் குனிந்த குனிவைக் கொப்பியில் கீறியிருக்கிறார். குழாய் பணிவு, உயர்த்தவேண்டும் என்று தானே முழுவதையும் பிரித்தார். இரண்டாம் தரம் அடுக்கிய மூன்றாம் நாள் யானை வந்து உதைத்துவிட்டுப் போனது, அது வழக்கமாகக் குளத்துக்குப் போகிற பாதை. காலையில் சிதறிக் கிடந்ததை இடுப்பில் கை வைத்துப் பார்த்தார். "பாருங்கோ அம்மா, இந்த ஊரில ஒளிக்காமல் பிழை சொன்னது யானை ஒண்டுதான்."

மூன்றாம் தரம் பாதையை விட்டு விலகி, மாரியில் வெள்ளம் நிற்கிற பக்கமாக இடம் வந்தது. அதனால் நிலத்தை உயர்த்தி இரண்டு படி வைத்தார். உயரமான படிகள். எங்களுக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கியது, அவ்வளவுதான்.

மலர் திரும்பி வந்தது அந்தக் கிழமை. புதுப் பொய்க்காலோடு, ஒருவரும் இல்லாத நேரமாகப் பார்த்து அந்த இடத்துக்குப் போய் ஏறிப் பார்த்திருக்கிறாள். நேரே என்னிடம் வந்தாள்.

"அக்கா, கானோட எனக்கு அந்தப் படி ஏலாது. பிடிக்கவும் ஒண்டுமில்லை."

"ஐயாவிட்டச் சொல்லுவம்" என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

ஆனால் அதற்கு முதல் அவருக்கு எங்கள் முற்றத்தில் வைத்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. நான் குசினிக்குள் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டு நின்றேன். போனில் வந்த குரல் குசினி வரைக்கும் கேட்டது. "இது மூண்டாம் தரம். நாளைக்கு நாங்கள் வந்து பாக்கேக்க ஏதும் பிழை எண்டா, திட்டத்தை வேற ஊருக்கு மாத்துவம். உமக்கும் வேற வேலை பாக்கலாம்." அவர் "ஓம் சேர், ஓம் சேர்" என்றார். விழுந்த நாளில் கூட இப்படிச் சிறுத்து நான் அவரைக் கண்டதில்லை. தேத்தண்ணியோடு வெளியே வந்தேன். ஒன்றும் நடக்காத மாதிரி வாங்கினார். பிறகு கொப்பியைப் புரட்டிக்கொண்டு, "அம்மா, நான் போகாத வீடு ஏதும் இருக்கோ?" என்றார்.

மலரின் வீட்டு மாமரம் எங்கள் முற்றத்தில் நின்றாலே தெரியும். அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

"இல்லை ஐயா. எல்லா வீடும் வந்திட்டியள்."

வேறு நாளாக இருந்தால், வாருங்கள் ஒருக்கால் நடந்து பார்ப்போம் என்று எழும்பியிருப்பார். அன்றைக்குக் கொப்பியை மூடினார். "நீங்கள் சொன்னாச் சரி."

அவர் போனதும் நான் வீடு வீடாகப் போனேன். "நாளைக்குப் பெரியாக்கள் வருகினம். ஒருத்தரும் குறை சொல்லப்படாது. சொன்னா வாற உதவியும் நிண்டுடும், அந்த மனுசன்ர வேலையும் போயிடும்." எல்லோரும் தலையை ஆட்டினார்கள், எல்லோருக்கும் அவரில் விருப்பம். கடைசியாக மலர் வீடு.

"நீ நாளைக்கு வராத மலர். உன்ர கானை நான் கொண்டந்து தருவன். எத்தினை நாளைக்கெண்டாலும் தருவன்."

அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். "சரி அக்கா" என்றாள்.

அடுத்தநாள் இரண்டு வாகனம். நாங்கள் நல்ல சீலை உடுத்து வெளிக்கிட்டுக்கொண்டு போய், கானை நிரப்பி, படியில் ஏறி இறங்கி, சிரித்து, ஒரே குரலில் "நல்ல திறம்" என்றோம். வந்தவர்கள் கைதட்டினார்கள். அவர் மட்டும் ஒவ்வொருத்தியாகப் பார்த்து, "ஒரு பிழையும் இல்லையோ?" என்று கேட்டார். "இல்லை ஐயா!" பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரிக் கத்தினோம். அவர் வாயால் மட்டும் சிரித்தார். எனக்கு அன்றைக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு நல்ல மனுசனைக் காப்பாற்றிவிட்டேன் என்று சட்டி நிறையக் கொழுக்கட்டை அவித்தேன்.

சீமெந்தால் கட்டித் திறந்த நாளில் ஊரில் எல்லோரும் நிற்கவேண்டும் என்று எங்கள் கிராமத்து அலுவலர் விதானையார் சொல்லிவிட்டார். மலரும் வந்தாள். கானைப் பிடித்துக்கொண்டு படிக்குக் கீழே நின்றாள். மாலையும் கையுமாக நின்ற ஐயா அவளைக் கண்டார். காலைப் பார்த்தார், படியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அம்மா, இவவை நான் ஏன் காணேல்லை?"

சுற்றிப் பெரிய ஆட்கள். "அவ அப்ப ஊரில இல்லை ஐயா" என்றேன். வாய் கூசவில்லை. மலர் நிலத்தைப் பார்த்தாள். யாரோ ஒருவர் அவளைப் படிக்குக் கீழே நின்றபடியே படம் எடுத்தார்.

அந்தப் படம் பிறகு அவருடைய பெரியவர்களிடம் போயிருக்கிறது. காலில்லாத ஒருத்தியை எப்படித் தவறவிட்டீர் என்று கேட்டிருக்கிறார்கள். "பிழை என்ர" என்று மட்டும் சொன்னாராம். என் பெயர் வரவில்லை. விதானையார்தான் இதைச் சொன்னார், அதுவும் நெடுநாள் கழித்து, சும்மா ஊர்க்கதை மாதிரி. நான் காப்பாற்றின வேலை அப்படித்தான் போனது.

மலருக்குத் தண்ணீர் கொண்டுபோகவில்லை என்று நினைக்காதீர்கள். நாலு மாதம் ஒருநாளும் விடவில்லை. பிறகு மகளுக்குப் பிள்ளைப்பேறு என்று வவுனியா போனேன். வந்தபோது என் முழங்கால் வீங்கியிருந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் ஆனது, பிறகு கிழமைக்கு ஒருநாள், அதுவும் நினைவு வந்தால். கண்ட இடத்தில், "மலர், தண்ணி இருக்கோ?" என்று கேட்பேன். "இருக்கு அக்கா" என்பாள். நிம்மதியாக வந்துவிடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் திரும்பி வந்தார். வாகனம் இல்லை, கழுத்தில் அட்டையும் இல்லை. ஒட்டுசுட்டானில் பஸ்ஸால் இறங்கி, யாரிடமோ சைக்கிள் வாங்கி மிதித்து வந்திருக்கிறார். யாருக்கும் சொல்லாமல் மரத்தடியில் குந்தி, காலையிலிருந்து தண்ணீருக்கு வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். மலர் வரவில்லை. நேரே அவள் வீட்டுக்குப் போயிருக்கிறார். குடத்தைக் காட்டச் சொல்லியிருக்கிறார்.

பிறகு தண்ணீர் எடுக்கிற இடத்துக்குத் திரும்பி வந்து, துணிப்பையிலிருந்த சீலைத் துண்டுகளால் ஒரு தடியைத் தன் வலது காலோடு இறுக்கிக் கட்டினார். முழங்கால் மடியாது. கானை நிரப்பித் தூக்கிக்கொண்டு அந்தப் படியில் இறங்கினார், ஏறினார். முதல் தரம் விழுந்தபோது பெட்டையள் பழையபடி சிரித்தார்கள். இரண்டாம் தரம் விழுந்தபோது ஒருத்தி வாயைப் பொத்தினாள். மூன்றாம் தரம் முழங்கையில் இரத்தம். ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அன்றைக்குத்தான் எங்கள் வீட்டுக் கதிரையில் முதன்முதலாக இருந்தார்.

"மலர் அண்டைக்கு ஊரில இருந்தவவோ அம்மா?"

"ஓம் ஐயா."

"படியைப் பாத்தவவோ?"

"பாத்தவ. ஏலாது எண்டு சொன்னவ."

"ஆருக்கு?"

"எனக்கு."

தொலைபேசியில் கேட்டதைச் சொன்னேன். உங்களுக்காகத்தான் ஐயா என்றேன். அழுதேனோ தெரியாது, மூக்கைச் சீலையில் துடைத்தது நினைவிருக்கிறது. அவர் தடி கட்டின தழும்பைத் தடவினார். கோபித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"காதை நம்புறேல்லை எண்டுதான் இருந்தனான். உங்களை மட்டும் நம்பிப்போட்டன்."

அவ்வளவுதான். தேத்தண்ணியை மிச்சம் விடாமல் குடித்தார். பேணியைக் கழுவி வைத்தார்.

இப்போது அங்கே ஒரு சரிவு இருக்கிறது, பிடித்து ஏற ஒரு கம்பியும். மலரை நடக்கப்பண்ணி, அவளுடைய அடிக்கு அளந்து, சோக்கால் நிலத்தில் கீறித் தந்துவிட்டுப் போனார். நிறுவனத்துக்குச் சொன்னோம். பார்ப்போம் என்றார்கள். கடைசியில் ஊரார் கூடிக் கூலியில்லாமல் சிரமதானமாகப் போட்டோம். மலர் இப்போது தானே வருகிறாள். ஆனால் அவளுடைய கிளினிக் கொப்பியில் ஏதோ எண் கூடிப்போய்விட்டது என்கிறார்கள். அந்த எண்ணை எந்தச் சிரமதானத்தால் இறக்குவது? ஐயா பிறகு வரவில்லை. எங்கே இருக்கிறார் என்று விசாரிக்கவும் பெயர் தெரியவேண்டுமே.

அவர் பேணியைக் கழுவி வைத்துவிட்டுப் போன அந்தப் பின்னேரமே நான் மலர் வீட்டுக்குப் போனேன். அவள் மெசினில் இருந்தாள்.

"ஏனடி எனக்குச் சொல்லேல்லை? தண்ணி இருக்கோ எண்டு கேக்கேக்கயெல்லாம் இருக்கெண்டுதானே சொன்னனீ?"

"இருந்ததுதானே அக்கா. கிணத்துத் தண்ணி."

"நான் கொண்டுவராட்டி வந்து கேட்டிருக்கலாமே. ரெண்டு ஏச்சு ஏசியிருக்கலாமே!"

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். கோபம் ஒன்றும் இல்லை, பாவாடைக்கு எத்தனை முழம் என்று சொல்லுகிற குரல்தான்.

"குறை சொன்னா வாற உதவியும் நிண்டுடும் எண்டு நீங்கள்தானே அக்கா வீடு வீடாச் சொன்னனீங்கள். கிழமைக்கு ஒரு கானெண்டாலும் நீங்கள் தந்தது உதவிதானே."

எனக்கு வாய் வறண்டுவிட்டது. குடிக்கத் தண்ணீர் கேட்டேன். எழும்பிப்போய் அந்தக் குடத்திலிருந்து மொண்டு கொண்டுவந்து தந்தாள். ஒரு மிடறு குடித்தேன். கனகாலமாக நான் அந்தத் தண்ணீர் குடிக்கவில்லை. நாக்கில் மாவு மாதிரிப் படிந்தது.

"எப்பிடி அக்கா?" என்றாள்.

திறம் என்று சொல்ல என் வாய் பாதி திறந்துவிட்டது. பழக்கம்.

"குடிக்கேலாது மலர்" என்றேன்.

"ஓம்" என்றாள். பேணியை என் கையிலிருந்து வாங்கி மிச்சத்தை வாழையடியில் ஊற்றினாள். பிறகு கதவுக்குப் பின்னால் கிடந்த, நான் தண்ணீர் கொண்டுவந்து தருகிற கானை எடுத்து என் முன்னால் வைத்தாள். அந்தக் கானில் சிலந்தி வலை கட்டியிருந்தது.